அம்புக்குறிகள் மறைத்த புரதங்கள்

1990களின் நடுவில் வந்த உயிரணுவியல் பாடநூல் எதை எடுத்தாலும் ஒரு படம் தவறாமல் இருக்கும். மேலே செல்லின் சவ்வு. அதற்குக் கீழே ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வட்டங்கள். இடையில் மூன்று அம்புக்குறிகள். வளர்ச்சிச் சமிக்ஞை வெளியிலிருந்து வந்து சவ்வைத் தொட்டதும் ராஸ் விழித்துக்கொள்கிறது. ராஸ் ராஃபை எழுப்புகிறது. ராஃப் மெக்கின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, மெக் எர்க்கின் மேல் ஒட்டுகிறது. எர்க் உட்கருவுக்குள் போய், செல் பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. நானும் இந்தப் படத்தை வரைந்துதான் தேர்வில் மதிப்பெண் வாங்கினேன். இன்றைக்கும் பல வகுப்பறைகளில் இதே படம்தான் கரும்பலகையில் ஏறுகிறது.

படம் தப்பில்லை. மனிதப் புற்றுநோயைப் புரிந்துகொள்வதில் அது பெரிய பாய்ச்சல். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல் ஒன்றில் ராஸ் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறி, 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வாலின் உட்கார்ந்திருப்பதை 1982இல் கண்டுபிடித்தார்கள். அணையாமல் எரியும் ராஸ்தான் செல்லை ஓயாமல் பிரியவைக்கிறது என்பது அங்கிருந்து தெளிவாகத் தொடங்கியது. கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேரிடம் ராஸ் குடும்பத்தின் கே-ராஸ் பிறழ்ந்திருக்கிறது. அந்த அம்புக்குறிகளின் வழியாகத்தான் புற்றுநோய் ஓடுகிறது.

படம் சொல்லாமல் விட்டது வேறு. செல்லுக்குள் வெற்றிடம் கிடையாது. கோடிக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அந்த நெரிசலில் ராஃப் தன் மெக்கை எப்படித் தேடிப் பிடிக்கிறது? பாஸ்பேட் ஒட்டும் ஒரே கைனேஸ் நொதி இரண்டு மூன்று சமிக்ஞைப் பாதைகளில் வேலை செய்யும்போது, ஒரு பாதையின் செய்தி இன்னொரு பாதைக்குள் ஏன் கசிவதில்லை? அம்புக்குறி போட்டுவிட்டதால் அந்தக் கேள்வியே எழாமல் போயிற்று.

அப்படிப் போனதற்கு ஆய்வுமுறையும் ஒரு காரணம். அன்று ஒரு புரதத்தை ஆராய வேண்டுமானால் முதலில் செல்லை உடைப்பார்கள். உடைத்த சாற்றில், அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி ஏற்றிய நுண்மணிகளை விட்டுச் சுழற்றுவார்கள். பிறகு உப்புக் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவி, ஜெல்லில் ஓட்டி, மெல்லிய தாளுக்கு மாற்றி, இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமில் வைத்தால் கறுப்புப் பட்டை ஒன்று தெரியும். எந்த நொதி எதன் மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது என்பதைக் கண்டறிய இது அருமையான வழி. ஆனால் செல்லுக்குள் எது எதன் அருகில் இருந்தது என்பது உடைக்கும்போதே கலைந்துவிடுகிறது. தளர்வாகக் கூடியிருந்த புரதங்கள் கழுவும்போது போய்விடுகின்றன. தானாக எந்த வேதிவினையும் செய்யாமல் மற்றவற்றை ஓரிடத்தில் கூட்டிவைப்பது மட்டுமே வேலையான புரதம், இந்த முறையில் கண்ணில் படுவது கடினம்.

அப்படிப்பட்ட புரதங்களைத்தான் ஸ்கஃபோல்ட் புரதங்கள் என்கிறார்கள். கட்டடம் எழும்போது ஆட்கள் நின்று வேலை பார்க்கக் கட்டும் சாரத்தின் பெயர் அது. சாரப் புரதம் என்றே இங்கே சொல்கிறேன்.

முதல் தெளிவான உதாரணம் ரொட்டி ஈஸ்ட்டிலிருந்து வந்தது. ஈஸ்ட் செல்லுக்கு எதிர்ப்பால் செல்லின் வாசனைப் பொருள் எட்டியதும், அது ஒரு பக்கம் கூம்பாக நீண்டு இணையத் தயாராகும். அப்படி இணைய முடியாத பிறழ்வுகளை 1970களிலிருந்தே சேகரித்து, 'ஸ்டெ' என்று பெயரிட்டு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஸ்டெ11, ஸ்டெ7 இரண்டும் கைனேஸ்கள். ஸ்டெ5 மட்டும் எந்த நொதியைப்போலவும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் செய்தி நின்றுவிடுகிறது. ஸ்டெ11, ஸ்டெ7, ஃபஸ்3 ஆகிய மூன்று கைனேஸ்களையும் ஸ்டெ5 தன் உடலின் வெவ்வேறு இடங்களில் பிடித்துவைத்திருக்கிறது என்பதை 1994இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் எலேன் எலியனின் குழு காட்டியது. வேறு குழுக்களும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தன. ஸ்டெ11 உப்புச்சத்து கூடும்போது செல்லைக் காப்பாற்றும் பாதையிலும் வேலை செய்கிறது. அங்கே அதைப் பிடித்துவைப்பது பிபிஎஸ்2 என்னும் வேறொரு புரதம். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே நொதி வெவ்வேறு செய்தியைக் கடத்துகிறது. 2003இல் கலிஃபோர்னியாவில் வென்டெல் லிம்மின் குழு இந்த இரண்டு சாரங்களையும் ஒட்டி ஒரு கலப்புப் புரதம் செய்தது. அதை வைத்திருந்த ஈஸ்ட்டுக்கு இணையும் வாசனையைக் காட்டியபோது, அது உப்பைச் சமாளிக்கும் வேலையில் இறங்கியது. நொதிகள் மாறவில்லை, கூடும் இடம் மாறியதும் செய்தியே மாறிவிட்டது. இந்தத் துறையில் என்னை மிகவும் அசைத்த சோதனை இதுதான்.

ஸ்டெ5இன் வேலை தெரிந்த அடுத்த ஆண்டே, 1995இல், கதை புற்றுநோயின் வாசலுக்கு வந்திருந்தது. பெர்க்லியில் ஜெரால்டு ரூபினின் ஆய்வகம் பழ ஈயின் கண்ணை வைத்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. பழ ஈயின் கண் ஏறத்தாழ 800 சிறு கண்களால் ஆனது. தேன்கூட்டு அறைகளைப்போல வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். அந்தக் கண்ணில் அணையாத ராஸைப் போட்டால், சிறு கண்கள் ஒவ்வொன்றிலும் வேண்டாத ஒளியுணர் செல்கள் முளைத்து வரிசை குலையும். சாதாரண நுண்ணோக்கியின் கீழே பார்த்தாலே கண்ணின் மேற்பரப்பு சொரசொரப்பாகத் தெரியும். இந்த ஈக்களில் புதிய பிறழ்வுகளை உண்டாக்கி, எந்த ஈயின் கண் மறுபடி வழவழப்பாகிறது என்று தேடினார்கள். லட்சக்கணக்கான ஈக்களின் கண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமை வேண்டிய வேலை அது. ஓரிடத்தில் கண் சீரானது. அங்கே உடைந்திருந்த மரபணுவுக்குக் கே.எஸ்.ஆர். என்று பெயர் வைத்தார்கள். எம்.ஐ.டி.யில் ஹார்விட்ஸின் ஆய்வகமும், கொலராடோவில் மின் ஹானின் ஆய்வகமும் உருளைப்புழுவில் அதே மரபணுவை வந்தடைந்தன. மூன்று கட்டுரைகளும் அந்த ஆண்டில் ஒரே இதழில் வெளிவந்தன.

அந்தப் புழுவின் நடத்தையில் இன்னொரு குறிப்பு இருந்தது. ராஸ் இயல்பாக இருக்கும் புழுவிடமிருந்து அந்த மரபணுவை எடுத்துவிட்டால் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை. ராஸ் வெறிபிடித்து ஓடும்போதுதான் அது இல்லாதது பெரிதாகத் தெரிந்தது. ஆரோக்கியமான உடலுக்கு அவ்வளவாகத் தேவைப்படாதது, பிறழ்ந்த ராஸுக்கு மட்டும் தேவைப்படுகிறது. புற்றுநோய் மருந்து தேடுகிறவர் கனவில் கேட்க நினைக்கும் வரம் இது. எலியிலும் அப்படித்தான் நடந்தது. கே.எஸ்.ஆர்.1 நீக்கப்பட்ட எலிகள் பெரிய குறையில்லாமல் பிறந்து வளர்ந்தன என்று 2002இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டெபோரா மாரிசன் குழு எழுதியது. ராஸால் தோலில் கட்டிகள் முளைக்கும் எலிகளில் அந்தப் புரதத்தை நீக்கியபோது கட்டிகள் வெகுவாகக் குறைந்தன என்று மறு ஆண்டே இன்னொரு குழு காட்டியது.

ஆனாலும் மருந்துத் தொழில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காரணம் எளியது. மருந்து என்றால் நொதியின் வினைக்குழியில் போய் அடைத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறு என்பதே அன்றைய இலக்கணம். கே.எஸ்.ஆர்.இன் வடிவம் கைனேஸைப்போல இருந்தது. ஆனால் பாலூட்டிகளின் கே.எஸ்.ஆர்.இல், கைனேஸ் வினைக்கு இன்றியமையாத லைசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் இருக்கிறது. எனவே அது செத்த நொதி, போலி கைனேஸ் என்று ஒதுக்கினார்கள். அது உண்மையில் கைனேஸா இல்லையா என்ற விவாதத்திலேயே பல ஆண்டுகள் ஓடின. நேரத்தை அங்கே கரைத்தது வருந்தத்தக்கது. அது கைனேஸாக இல்லாமலேயே கைனேஸ்களை ஆட்டிவைக்க முடியும் என்பதுதான் முக்கியமான செய்தி.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. கே.எஸ்.ஆர்.ஐ மிகுதியாகத் தயாரிக்கும்படி செல்லை மாற்றினால், சில ஆய்வகங்களில் சமிக்ஞை கூடியது; சிலவற்றில் அடங்கியது. ஜிப்1 என்ற இன்னொரு புரதத்துக்கும் இதே கதிதான். மாசசூசெட்ஸில் ராஜர் டேவிஸின் குழு 1997இல் அதை ஜெ.என்.கே. என்னும் கைனேஸின் பாதையைத் தடுக்கும் புரதம் என்று அறிவித்தது. மறு ஆண்டே அதே குழு அதை அந்தப் பாதையின் சாரம் என்று காட்டியது. முரண்பாட்டின் காரணம் புரதத்தின் அளவில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆண்ட்ரே லெவ்சென்கோவும் சக ஆய்வாளர்களும் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார்கள். ஒரு செல்லில் ராஃப் 100, மெக் 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாரமும் ஏறத்தாழ 100 இருந்தால், பெரும்பாலான சாரங்களில் இரண்டும் அருகருகே வந்துவிடும். செய்தி வேகமாக ஓடும். சாரத்தை 10,000 ஆக்கினால் ராஃப் ஒன்றில், மெக் வேறொன்றில் என்று சிதறிவிடும். இரண்டும் சேர்ந்து உட்காரும் சாரம் சராசரியாக ஒன்றுதான் கிடைக்கும். குறைந்தாலும் செய்தி தேயும், மிகுந்தாலும் தேயும். செல்லுக்குள் ஒரு புரதத்தை ஊற்றிப் பார்த்து, அது முடுக்கியா தடையா என்று தீர்ப்பு எழுதிய பழைய ஆய்வுகள் பலவற்றை இதன் பிறகு மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று.

சாரம் வெறுமனே நிற்கிறது என்ற எண்ணமும் உடைந்தது. லிம்மின் குழு 2009இல் ஈஸ்ட்டுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தது. ஃபஸ்3 கைனேஸ் தனியாக இருக்கும்போது ஸ்டெ7 அதைத் தொட்டாலும் அது வேலைக்கு வருவதில்லை. ஸ்டெ5இன் ஒரு பகுதி ஃபஸ்3ஐ வளைத்துத் திறந்துவிட்ட பிறகுதான் ஸ்டெ7ஆல் பாஸ்பேட் ஒட்ட முடிகிறது. பக்கத்தில் உட்காரவைப்பதோடு சாரத்தின் வேலை முடிவதில்லை. அமர்ந்தவரின் உருவத்தையும் அது மாற்றுகிறது. அதே 2009இல் கனடாவின் ஃபிராங்க் சிச்செரி, மார்க் தெரியன் குழுக்கள் ராஃபும் கே.எஸ்.ஆரும் பக்கவாட்டில் ஒட்டி இணையாகின்றன என்றும், அந்த ஒட்டுதலே ராஃபை முடுக்கிவிடுகிறது என்றும் காட்டின. செத்த நொதி என்று ஒதுக்கியது, உயிருள்ள நொதியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது.

இது நோயாளியின் உடம்பில் எப்படி விடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் பி-ராஃப் மரபணு அடிக்கடி பிறழ்ந்திருப்பதை 2002இல் பிரிட்டனின் சேங்கர் நிறுவனம் கண்டது. அதைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதக் கணக்கில்தான் உயிர் என்று கைவிடப்பட்டவர்களின் கட்டிகள் வாரக் கணக்கில் சுருங்கின. கூடவே, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தோலில் வேறொரு வகைக் கட்டி முளைத்தது. மருந்தே ஒரு புற்றை அடக்கி இன்னொன்றை எழுப்பியது. அம்புக்குறிப் படத்தில் இதற்கு விளக்கமே இல்லை. ராஃபை அடைத்தால் மெக் அடங்க வேண்டும், அவ்வளவுதான். 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. ராஸ் பிறழ்ந்த செல்லில் ராஃப் தனியாக இருப்பதில்லை, ஜோடியாக இருக்கிறது. ஜோடியில் ஒன்றின் குழியில் மருந்து அடைத்தால் அதன் உருவம் மாறி, மற்றொன்று முடுக்கப்படுகிறது. தோலில் ராஸ் பிறழ்வோடு சத்தமில்லாமல் கிடந்த செல்களை மருந்து எழுப்பிவிட்டது இப்படித்தான். ராஃபோடு ஜோடி சேரக்கூடிய கே.எஸ்.ஆரும் அந்தக் கூட்டத்தில் ஒரு பங்காளி.

அதனால்தான் ராஃபைத் தடுக்கும் மருந்தோடு மெக்கைத் தடுக்கும் டிராமெடினிபையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2014இல் அந்தச் சேர்க்கைக்கு அனுமதி கிடைத்தது. தோல் கட்டிகளும் குறைந்தன. இந்த டிராமெடினிபின் பிறப்பு வேடிக்கையானது. ஜப்பானில் அதைத் தேடியவர்கள் மெக்கைக் குறிவைத்துத் தேடவில்லை. புற்றுநோய்ச் செல்லில் பி15 என்ற தடுப்புப் புரதத்தைக் கூட்டும் பொருள் எது என்று உயிருள்ள செல்களிலேயே தேடினார்கள். கிடைத்த பொருள் மெக்கின் மேல் வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சோதனைக் குழாயில் மெக்கை மட்டும் தனியாக வைத்துத் தேடியிருந்தால் இந்த மூலக்கூறு கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. நியூயார்க்கின் மவுன்ட் சைனாயில் அர்வின் தாரின் குழு, மெக் கே.எஸ்.ஆரோடு இணைந்திருக்கும் நிலையில் டிராமெடினிபின் பிடியைப் படிகமாக்கி 2020இல் வெளியிட்டது. மருந்து மெக்கின் குழியில் நிறைந்து, அதன் ஒரு முனை வெளியே நீண்டு கே.எஸ்.ஆரையும் தொடுகிறது. இரண்டு புரதங்களும் சேருமிடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. நோயாளிகள் ஏழு ஆண்டுகளாக விழுங்கிவந்த மாத்திரை, மருந்துத் தொழில் ஒதுக்கிவைத்த சாரப் புரதத்தைத் தொட்டுக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறது. அதே கட்டுரையில், அந்த இடத்தில் இன்னும் இறுக்கமாகப் பற்றும்படி மாற்றியமைத்த ஒரு மூலக்கூறையும் செய்து, அதற்கு டிராமெடிக்ளூ என்று பெயரிட்டார்கள்.

எல்லாச் சாரமும் புற்றுநோய்க்குத் துணைபோவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் கதை தலைகீழ். அங்கே ஆக்சின் என்னும் சாரம், பீட்டா-கேட்டனினைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும் கூட்டத்தைக் கூட்டிவைக்கிறது. அந்தக் கூட்டத்தின் உறுப்பான ஏ.பி.சி. உடைந்தால் பீட்டா-கேட்டனின் குவிந்து செல் பெருகுகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் ஏ.பி.சி. உடைந்திருக்கிறது. கூட்டத்தின் மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் செல்லில் ஆக்சினின் அளவு மிகச் சொற்பம். அதனால் அதைக் கொஞ்சம் கூட்டினாலே பலன் வரும் என்று நம்பினார்கள். ஆக்சின் சிதையாமல் காக்கும் மூலக்கூறுகள் 2009இல் வந்தன. எலிகளில் கட்டி அடங்கியது, குடலின் உள்சுவரும் சேதமானது. குடல் சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நம்பியிருப்பதும் அதே பாதையைத்தான்.

கே.எஸ்.ஆர்.இலும் அப்படியோர் எச்சரிக்கை உண்டு. நமக்கு அதில் இரண்டு வகைகள். கே.எஸ்.ஆர்.2 பிறழ்ந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே உடல் பருமன் வருவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2013இல் கண்டார்கள். ஐ.க்யூ.கேப்1 என்ற இன்னொரு சாரத்தின் கதையும் பாடமாக இருக்க வேண்டும். அதன் ஒரு சிறு துண்டைக் கொடுத்தாலே எர்க்கின் பிடி விட்டு, ராஸால் வளரும் கட்டிகள் எலிகளில் அடங்குகின்றன என்று 2013இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து செய்தி வந்தது. எர்க் பிடிப்பதே அந்தத் துண்டை இல்லை என்று 2017இல் இன்னொரு ஆய்வகம் அளந்து காட்டியது. கட்டி அடங்கியது உண்மை என்றால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

இன்றைய ஆய்வகத்தில் இருட்டறை கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 3 மி.மீ. விட்டமுள்ள உலோக வலைத் தட்டில் புரதக் கூட்டத்தை ஒரு சொட்டு விட்டு, ஒற்றி எடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கிறார்கள். பி-ராஃப், மெக், 14-3-3 என்னும் புரதம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் முழுக் கூட்டத்தை 2019இல் பாஸ்டனில் மைக்கேல் எக்கின் குழு இப்படிப் பார்த்தது. ஒரு கூட்டத்தில் 14-3-3 கவ்விப் பூட்டிய நிலையில் பி-ராஃப் அடங்கியிருக்கிறது. பூட்டைத் திறக்கும் வேலையைச் செய்வது இன்னொரு சாரமான ஷாக்2. குதிரைலாடம்போல வளைந்த அந்தப் புரதம், ஒரு ராஸ் உறவினரையும் ஒரு பாஸ்பேட் நீக்கும் நொதியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் காட்சியை 2022இல் சில ஆய்வுக் குழுக்கள் அடுத்தடுத்து வெளியிட்டன. ஷாக்2 பிறழ்ந்த குழந்தைகளுக்குத் தலைமுடி வேரில் பிடிப்பில்லாமல் எளிதில் கையோடு வந்துவிடும், வளர்ச்சியும் குன்றும். 2009இலேயே மருத்துவர்கள் அதைப் பதிவுசெய்திருந்தார்கள். காரணம் அணு அளவில் தெரிய 13 ஆண்டுகள் ஆயின.

மருந்துத் தொழிலின் இலக்கணமும் மெல்ல மாறுகிறது. அவுடோமெடினிப் என்ற மருந்து மெக்கின் குழியில் அமர்ந்து, மெக்கை ராஃபோடு சேர்த்து அசையாமல் இறுக்கிவிடுகிறது. பாஸ்பேட் ஒட்டவும் முடியாது, பிரிந்து போகவும் முடியாது. கே-ராஸ் பிறழ்ந்து, சிகிச்சைக்குப் பின் மறுபடி தலைகாட்டிய ஒரு வகைச் சினைப்பைப் புற்றுநோய்க்கு, டெஃபாக்டினிபோடு சேர்த்துக் கொடுக்க 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விரைவு அனுமதி வழங்கியது. மெதுவாக வளரும், கீமோதெரபிக்கு எளிதில் மசியாத, இளம் பெண்களையும் தாக்கும் புற்று அது. டெஃபாக்டினிப் அடைப்பது ஃபேக் என்னும் கைனேஸின் குழியை. ஃபேக் நொதியாகவும் வேலை செய்கிறது, சாரமாகவும் நிற்கிறது. குழியை அடைத்த பிறகும் சாரமாக நிற்கும் ஃபேக் கட்டிக்கு எவ்வளவு துணைபோகிறது என்பதைப் பார்க்க, அந்தப் புரதத்தையே முழுதாகச் சிதைத்துவிடும் மூலக்கூறுகளை ஆய்வகங்களில் இப்போது செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.